முறையும் வழியும்: உறவை மனிதர்கள் வகுத்த விதங்கள்

1858ஆம் ஆண்டுக் கோடையில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் மிச்சிகன் மாநிலத்தில் மார்க்கெட் என்ற ஊருக்குப் போயிருந்தார். அங்கே ஓஜிப்வா பழங்குடியினரிடம் அவர்களுடைய உறவுப்பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். நியூயார்க் பகுதியில் வாழ்ந்த செனெகா மக்களோடு அவருக்கு ஏற்கெனவே நெருங்கிய பழக்கம் உண்டு. அவர்கள் உள்ளிட்ட இரோக்குவா கூட்டமைப்பைப் பற்றி 1851இல் நூலும் எழுதியிருந்தார். செனெகாக்களிடம் ஒரு வழக்கம் அவரை வியக்க வைத்திருந்தது. தந்தையுடன் பிறந்தவரையும் அவர்கள் தந்தை என்றே அழைத்தார்கள். தாயுடன் பிறந்தவளும் தாயே. அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரும் உடன்பிறந்தவர்கள். தாயின் சகோதரருக்கும் தந்தையின் சகோதரிக்கும் மட்டும் தனிப்பெயர். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் தனிப்பெயர். மொழியால் செனெகாவோடு எந்த ஒட்டும் இல்லாத ஓஜிப்வாக்களிடமும் இதே ஏற்பாட்டைப் பார்த்தபோது மார்கனுக்குப் பொறிதட்டியது. நூற்றுக்கணக்கான உறவுகளைப் பட்டியலிட்டுக் கேள்வித்தாள் அச்சடித்து, மிஷனரிகள் வழியாகவும் தூதரகங்கள் வழியாகவும் உலகெங்கும் அனுப்பினார்.

அடுத்த ஆண்டே, தென்னிந்தியாவில் ஊழியம் செய்து திரும்பியிருந்த ஸ்கடர் என்ற மிஷனரி, தமிழரின் உறவுப்பெயர்களை அவருக்குத் தந்தார். பெரியப்பாவும் சித்தப்பாவும் அப்பாக்கள், பெரியம்மாவும் சித்தியும் அம்மாக்கள், மாமனும் அத்தையும் வேறு அணி. செனெகாவின் ஏற்பாடு தமிழில் அப்படியே இருப்பதாக மார்கனுக்குத் தோன்றியது. அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டினார். 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய பெருநூலில் தமிழுக்கும் தெலுங்குக்கும் முக்கிய இடம் கிடைத்தது. உறவுமுறை பற்றிய மானிடவியலின் தொடக்கப் புள்ளிகளில் தமிழும் ஒன்று என்பது நம் பாடநூல்களில் அதிகம் பேசப்படாத செய்தி.

மார்கனின் முடிவு நிற்கவில்லை. அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது. பிறப்பு என்ற நிகழ்ச்சி உலகெங்கும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் பெற்றோர் இருவர், அவர்களைப் பெற்றவர்கள் நால்வர். அப்படியிருக்க, உறவை வகுக்கும் விதம் மட்டும் ஏன் இத்தனை வேறுபடுகிறது?

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருவர் எனக்கு என்ன ஆக வேண்டும் என்பது ஒன்று. இதை 'முறை' என்கிறோம். நான் எந்த வீட்டைச் சேர்ந்தவன், யாருடைய சொத்தும் பெயரும் கடனும் எனக்கு வரும் என்பது மற்றொன்று, இது 'வழி'. இரண்டும் ஒன்றையொன்று பின்தொடரும் என்று தொடக்ககால ஆய்வாளர்கள் பலர் நினைத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு ஆய்வு காட்டுவது வேறு. முறை ஒரு வேலையைச் செய்கிறது, வழி வேறொரு வேலையைச் செய்கிறது. ஒரே முறை பல வழிகளோடு குடித்தனம் நடத்தும்.

ஆறு அச்சுகள்

உறவுப்பெயர்களை மார்கன் இரண்டாகப் பிரித்தார். தந்தையையும் தந்தையின் சகோதரரையும் ஒரே பெயரில் அடக்குவது 'வகுப்புமுறை'. ஐரோப்பியர் செய்வதுபோல் பெற்றோரைத் தனியே நிறுத்துவது 'விவரிப்புமுறை'. 1909இல் மானிடவியலாளர் குரோபர் இந்தப் பிரிவினையைக் கேள்வி கேட்டார். தந்தையின் சகோதரர், தாயின் சகோதரர், அத்தையின் கணவர், சித்தியின் கணவர் எல்லாரையும் ஆங்கிலேயர் 'அங்கிள்' என்கிறார்களே, அது மட்டும் வகுப்பு இல்லையா? எல்லா மொழிகளும் வகுக்கவே செய்கின்றன. தலைமுறை, வயது, பால், பேசுபவரின் பால், இணைக்கும் உறவினரின் பால், குருதியா மணமா என எட்டு அளவுகோல்களைக் குரோபர் பட்டியலிட்டார். எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதில்தான் ஒரு மொழியின் தனித்தன்மை இருக்கிறது.

1949இல் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் உலக வழக்கங்களை ஆறு அச்சுகளில் அடக்கினார். பெற்றோரின் உடன்பிறந்தோர் பிள்ளைகளை என்ன சொல்லி அழைக்கிறோம் என்பதே அவருடைய உரைகல். ஹவாய் அச்சில் தலைமுறையும் பாலும் போதும்: தந்தை தலைமுறை ஆண்கள் எல்லாரும் ஒரே பெயர், நம் தலைமுறையினர் எல்லாரும் உடன்பிறந்தோர். எஸ்கிமோ அச்சு இன்யூட் மக்களுடையது, ஆங்கிலேயருடையதும் அதுவே: சிறு குடும்பம் தனியே நிற்கும், மற்றவர்கள் எல்லாரும் பொதுப்பெயரில் அடங்குவர். சூடான் அச்சில் ஒவ்வோர் உறவுக்கும் தனிப்பெயர். அரபியில் தந்தையின் சகோதரர் 'அம்', தாயின் சகோதரர் 'ஹால்'. சீனம் இன்னும் நுணுக்கம்: தந்தையின் அண்ணன் வேறு, தம்பி வேறு, தாயின் சகோதரர் வேறு. தந்தையின் சகோதரருடைய பிள்ளைகள் ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள் என்பதால் ஒரு முன்னொட்டு. மற்ற எல்லா அத்தை, மாமன், சித்தி பிள்ளைகளுக்கும் வேறொரு முன்னொட்டு. யாருக்காக எத்தனை காலம், எந்தத் துணி உடுத்தித் துக்கம் காக்க வேண்டும் என்று ஐந்து படிகள் வகுத்திருந்த சமூகத்துக்கு இந்தத் துல்லியம் தேவைப்பட்டது.

குரோ, ஒமாஹா என்ற இரண்டு அச்சுகள்தான் நமக்கு விசித்திரமாகத் தோன்றும். குரோ அச்சில் தந்தையின் சகோதரி மகனும் 'தந்தை'. ஒமாஹா அச்சில் தாய்மாமனுடைய மகனும் 'தாய்மாமன்'. அவன் தொட்டிலில் கிடக்கும் குழந்தையாக இருந்தாலும் சரி. இங்கே தலைமுறை முக்கியமில்லை. குரோ அச்சு பெரும்பாலும் தாய்வழிச் சமூகங்களிலும் ஒமாஹா அச்சு தந்தைவழிச் சமூகங்களிலும் காணப்படுகிறது. தந்தையின் குலத்து ஆண்கள் அனைவரும் எனக்குத் தந்தையர், தாயின் குலத்து ஆண்கள் அனைவரும் எனக்கு மாமன்மார் என்று பார்த்தால் விசித்திரம் மறைந்துவிடும். முறையும் வழியும் கைகோத்து நடக்கும் இடம் இது. ஆனால் இதை வைத்து மற்ற அச்சுகளை விளக்க முடியாது.

ஆறாவது அச்சு இரோக்குவா. மர்டாக் தமிழையும் அதற்குள்ளேயே வைத்தார். அங்கேதான் சிக்கல்.

மச்சான் எங்கே நிற்கிறார்?

மார்கன் கண்ட ஒற்றுமை மேலோட்டமானது என்பதை 1964இல் ஃபிலாய்ட் லௌன்ஸ்பரி நுணுக்கமாகக் காட்டினார். முதல் வட்டத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு சுற்றுத் தள்ளிப் போனால் பிரிந்துவிடும். என் தந்தையின் அத்தை மகனை எடுத்துக்கொள்வோம். செனெகாவில் அவரும் எனக்குத் தந்தைதான், ஏனென்றால் அவர் தந்தையின் தலைமுறை ஆண், தந்தைவழி உறவு. தமிழில் அவர் அப்பாவுக்கு மச்சான். ஆகவே எனக்கு மாமன். அம்மாவின் மாமன் மகனோ எனக்குச் சித்தப்பா முறை. செனெகாக்களிடம் அத்தை மகள், மாமன் மகள் திருமணம் இல்லை. தமிழில் முழுக் கணக்கும் அந்தத் திருமணத்தின் மேல் நிற்கிறது.

இதைக் கோட்பாடாக்கியவர் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன். மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்களிடையே களஆய்வு செய்த அவர், 1953இல் எழுதிய சிறு கட்டுரையில் உறவைப் பார்க்கும் கோணத்தையே திருப்பினார். மாமன் என்பவரைத் தாயின் சகோதரர் என்று மட்டும் பார்த்தால் திராவிட முறை விளங்காது. அவர் தந்தையின் மச்சான், அதாவது தந்தைக்குப் பெண் கொடுத்த தரப்பு. தமிழர் உலகில் ஒருவருக்கு இரண்டே தரப்புகள்: உடன்பிறப்பு முறை வருபவர்கள், கொள்வினை கொடுப்பினை முறை வருபவர்கள். ஊர்வழக்கில் பங்காளிகள் ஒருபுறம், மாமன் மச்சான்கள் மறுபுறம். மணவுறவு ஒரு கல்யாணத்தோடு முடிவதில்லை. சொத்தைப் போல அதுவும் அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது. காதுகுத்தில் குழந்தையை மடியில் வைக்கும் தாய்மாமன், பெண் எடுத்த வீட்டுக்குக் காலமெல்லாம் சீர் செய்யும் பிறந்த வீடு, இரண்டும் இந்தத் தொடர்ச்சியின் நடைமுறை வடிவங்கள். மாமனுக்கும் மாமனாருக்கும், அத்தைக்கும் மாமியாருக்கும் அழைப்புச்சொல் ஒன்றாக இருப்பதும் தற்செயல் அல்ல.

இது பழைய ஏற்பாடு. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைத் தெற்கத்தியருக்கே உரிய வழக்கம் என்று பௌதாயன தர்மசூத்திரம் குறிப்பிடுகிறது. தாமஸ் ட்ரவுட்மன் 1981இல் வெளியிட்ட நூலில் திராவிட மொழிகளின் உறவுப்பெயர்களை ஒப்பிட்டு, அவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு மூல அமைப்பு இருந்திருக்க வேண்டும் என்று நிறுவினார். மொழிக் குடும்பத்தின் எல்லையையும் இது தாண்டியிருக்கிறது. சிங்களம் இந்தோ-ஆரிய மொழி. ஆனால் அதன் உறவுமுறை திராவிட அச்சுதான். மச்சானைக் குறிக்கும் 'மஸ்ஸினா'வும் அத்தை மகளைக் குறிக்கும் 'நேனா'வும் தமிழரின் முறைக்கணக்கிலேயே இயங்குகின்றன.

மண விதியைக் கொண்டே முழு சமூகத்தையும் வகுப்பதன் உச்சம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியேரா மக்கள் பனாக்கா, புருங், கரிமேரா, பல்யேரி என நான்கு பிரிவினர். பனாக்கா ஆண் புருங் பெண்ணை மணக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் பல்யேரி. பல்யேரி மகன் கரிமேராவில் மணப்பான். அவனுடைய பிள்ளைகள் மறுபடியும் பனாக்கா. தாத்தாவும் பேரனும் ஒரே பிரிவு. முன்பின் அறியாத ஒருவரைச் சந்தித்தாலும் பிரிவின் பெயரைக் கேட்டால் போதும், அவர் மாமனா மச்சானா தந்தையா என்பது தெரிந்துவிடும். ராட்கிளிஃப்-பிரவுன் 1913இல் இதை விவரித்தார். இத்தகைய மண விதிகளைக் கணித மொழியில் எழுதிக் காட்ட, லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் வெளியிட்ட நூலில் ஆந்த்ரே வேய் என்ற கணித மேதையே ஒரு பகுதி எழுத வேண்டியிருந்தது. நாகரிகத்தின் கீழ்ப்படியில் இருப்பவர்கள் என்று மார்கன் காலத்தவர் ஒதுக்கிய மக்கள் கையாண்ட கணக்கு அது.

வழி பிரியும் இடங்கள்

மர்டாக் தொகுத்த இனவரைவியல் அட்டவணையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழப் பாதி தந்தைவழி. தாய்வழி எட்டில் ஒன்று அளவே. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை இருபக்கத்தையும் ஒன்றுபோல் கொள்பவை.

தாய்வழி என்றதும் பெண்ணாட்சி என்று எண்ணிக்கொள்வது பரவலான பிழை. தாய்வழியில் சொத்து பெண்கள் மூலமாக இறங்கும். நிர்வாகம் பெரும்பாலும் ஆண்களிடம்தான் இருக்கும். அந்த ஆண் கணவர் அல்ல, தாயின் சகோதரர். கேரள நாயர்களின் தாய்வழிக் கூட்டுக்குடும்பமான தரவாட்டின் தலைவர், அதாவது காரணவர், அத்தகையவர். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் இஸ்லாமியர். உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகமும் அவர்களே. பூர்வீக நிலமும் பெரிய வீடும் பெண்வழியில் இறங்குகின்றன. ஆண்கள் பொருள் தேடி வெளியூர் போகிறார்கள். மரபுச் சொத்துக்கும் மருமக்களுக்கும் பொறுப்பு தாய்மாமனுடையது. மேகாலயத்தின் காசிகளிடம் பூர்வீக வீடு கடைசி மகளுக்குப் போகிறது. மூத்தவர்களைப் பேணுவதும் குடும்பச் சடங்குகளைக் காப்பதும் அவளுடைய கடமை. அவளுடைய தாய்மாமன் சொல்லுக்கும் அங்கே எடை அதிகம்.

தமிழர் வாழும் இடங்களை மட்டும் பார்த்தாலே முறை ஒன்றாகவும் வழி பலவாகவும் இருப்பது தெரியும். பெரும்பாலான தமிழ்ச் சாதிகள் தந்தைவழி. கொண்டையங்கோட்டை மறவர்களுக்கோ கிளை தாயிடமிருந்து வருகிறது. ஒரே கிளைக்குள் மணமில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் 'குடி'களாகப் பிரிந்திருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் உரிமையும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இடமும் குடிவழி வருபவை. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வது அங்கே வழக்கம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவருவார். அத்தனை பேரும் மாமன், மச்சான், மச்சாள் என்று ஒரே முறையில்தான் அழைத்துக்கொள்கிறார்கள்.

நாஞ்சில் நாடு இன்னும் கூர்மையான சான்று. அங்குள்ள வெள்ளாளர்கள் தமிழ் பேசியபடியே திருவிதாங்கூரின் மருமக்கள்வழியைக் கைக்கொண்டார்கள். மாமனின் சொத்து சகோதரி மகனுக்கு. சொந்த மகனுக்கு 'உகந்துடைமை' என்ற பெயரில் சிறு பங்கு. அதில் வளர்ந்த பூசல்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'மருமக்கள்வழி மான்மியம்' என்ற அங்கத நூலில் பாடினார். 1926இல் வந்த சட்டம் மக்கள்வழியை நிலைநாட்டியது. வழி தலைகீழாக மாறியது. மாமன் மாமனாகவே இருந்தார், மருமகன் மருமகனாகவே இருந்தான்.

ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு வழிகளில் நிற்பதும் உண்டு. நீலகிரியின் தோதவர்களிடம் தந்தைவழிக் குலங்களை 1906இல் ரிவர்ஸ் விரிவாக எழுதினார். தாய்வழிக் குலங்களும் அவர்களிடம் உண்டு என்பதை 1930களில் எமனோ கண்டறிந்தார். சொத்தும் ஊரும் ஒரு வழியில், சடங்கும் மணத்தடையும் இன்னொன்றில்.

குருதிதான் அடிப்படையா?

தோதவர் வழக்கம் இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது. சகோதரர்கள் சேர்ந்து ஒரு பெண்ணை மணக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. கருவுற்ற பெண்ணுக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்தவரே குழந்தையின் தந்தை. இன்னொருவர் அச்சடங்கைச் செய்யும்வரை அடுத்து வரும் குழந்தைகளுக்கும் அவரே தந்தை. யாருக்குப் பிறந்தது என்று எவரும் ஆராய்ந்ததில்லை.

இன்றைய தெற்கு சூடானின் நூவர் மக்களிடம் எவன்ஸ்-பிரிட்சர்ட் கண்டது இதைவிடத் துணிச்சலானது. வாரிசின்றி இறந்தவன் பெயரில் அவனுடைய உறவினன் ஒரு பெண்ணை மணப்பான். பிறக்கும் பிள்ளைகள் இறந்தவனுடைய பிள்ளைகள். பிள்ளை பெறாத பெண் ஒருத்தி மாடுகளைக் கொடுத்து இன்னொரு பெண்ணை மணந்து, அவள் பெறும் குழந்தைகளுக்குச் சட்டப்படி 'தந்தை' ஆகலாம். மாடு கைமாறியதே தந்தைமையைத் தீர்மானிக்கிறது. இஸ்லாமியச் சட்டத்தில் ஒரே பெண்ணிடம் பால் குடித்தவர்கள் தமக்குள் மணக்க முடியாது. பாலும் உறவை உண்டாக்கும். ஆண் வாரிசு இல்லாத ஜப்பானியக் குடும்பம் மருமகனையே மகனாகத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைக் கொடுத்தது. வீடும் தொழிலும் தொடர வேண்டும், குருதி தொடர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இத்தகைய சான்றுகளை வைத்து 1984இல் டேவிட் ஷ்னைடர், உறவுமுறை ஆய்வு என்ற துறையின் அடித்தளத்தையே தாக்கினார். குருதியே உறவு என்பது மேற்கத்தியரின் நாட்டார் நம்பிக்கை. அதை உலகெங்கும் பொருத்திப் பார்த்ததுதான் மார்கன் தொட்டு நடந்த பிழை என்றார். அதில் பாதி உண்மை. உறவு குருதியைப் படியெடுப்பதில்லை என்பது சரி. ஆனால் எல்லாச் சமூகங்களும் பிறப்பின் சொற்களைக் கடன் வாங்கியே உறவை உண்டாக்குகின்றன என்பதும் கண்கூடு. நூவர் பெண் 'தந்தை' ஆகத்தான் விரும்புகிறாள். வேறு ஏதோ ஒன்றாக அல்ல.

சட்டம் வரைந்த புதிய முறை

20ஆம் நூற்றாண்டில் வழியைத் தீர்மானிக்கும் அதிகாரம் குலத்திடமிருந்து அரசுக்குக் கைமாறியது. சென்னை மாகாணத்தில் தாய்வழியினருக்கான 1933இன் மருமக்கத்தாயச் சட்டம் தரவாட்டுச் சொத்தைப் பங்கிட வழி திறந்தது. 1975இல் கேரளம் கூட்டுக்குடும்ப முறையையே சட்டத்தில் ஒழித்தது. தந்தைவழிக் குடும்பங்களில் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. தந்தைவழியும் தாய்வழியும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து நகர்ந்து, இருபக்க வாரிசுரிமை என்ற ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

முறையிலும் சட்டம் கை வைத்தது. அது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. 1955இன் இந்து திருமணச் சட்டம், மணக்கக் கூடாத உறவுகளைப் பட்டியலிடும்போது சகோதரன் சகோதரி பிள்ளைகளையும், இரு சகோதரர்களின் பிள்ளைகளையும், இரு சகோதரிகளின் பிள்ளைகளையும் ஒரே வரியில் அடுக்குகிறது. அத்தை மகளும் சித்தப்பா மகளும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்று. தமிழரின் முறையில் ஒருத்தி மணப்பெண், மற்றவள் தங்கை. தென்னாட்டு வழக்கம் 'சம்பிரதாயம் அனுமதித்தால்' என்ற விலக்கின் வழியாகவே உயிர்வாழ்கிறது. ஆனாலும் உயிரோடுதான் இருக்கிறது: 2019-21இன் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடந்தவை.

அதைக் கரைக்கக்கூடியது சட்டத்தைவிடக் குடும்ப அளவுதான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் இரண்டுக்கும் கீழே போய்விட்டன. ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும் மணந்தால் அவர்கள் குழந்தைக்குச் சொந்த மாமனும் இல்லை, அத்தையும் இல்லை. ஒற்றைக் குழந்தைக் கொள்கை 2015 வரை நீடித்த சீன நகரங்களில் இது ஏற்கெனவே நடந்துவிட்டது. 1950இல் உலகில் 65 வயதுப் பெண் ஒருவருக்கு உயிரோடு இருந்த உறவினர் சராசரியாக 41 பேர்; 2095இல் அது 25 ஆகும் என்று 2023 இறுதியில் வெளியான மக்கள்தொகை ஆய்வு ஒன்று கணித்திருக்கிறது.

அப்போது உறவுப்பெயர்கள் என்னவாகும்? ஐரோப்பா ஒரு முன்னுதாரணம் தருகிறது. லத்தீனில் தந்தையின் சகோதரர், தாயின் சகோதரர், தந்தையின் சகோதரி, தாயின் சகோதரி நால்வருக்கும் நான்கு பெயர்கள் இருந்தன. பிரெஞ்சில் அவை இரண்டாகச் சுருங்கின. தந்தை பக்கம், தாய் பக்கம் என்ற வேறுபாட்டுக்குச் சொத்திலும் சடங்கிலும் வேலை குறைந்தபோது பெயர்களும் குறைந்தன என்பது பொதுவான விளக்கம்.

தமிழ் நகரங்களில் 'அங்கிள்' பரவுவதை ஆங்கில மோகம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரரை மாமா என்றால் அவருடைய மகளோடு ஒரு முறை ஏற்படுகிறது. சித்தப்பா என்றால் வேறொரு முறை. அங்கிள் என்றால் எந்த முறையும் ஏற்படுவதில்லை. சாதி தெரியாத, கொள்வினை கொடுப்பினை இல்லாத அண்டைவீட்டாருக்கு அந்த வெறுமை வசதியானது. அதனால்தான் அது சொந்த மாமனைவிட முதலில் அயலாரைப் பிடித்துக்கொண்டது. மாமனையும் சித்தப்பாவையும் பிரிக்கும் கோடு முறைமணத்தின் கோடு. உறவுக்குள் பெண் கொடுப்பது குறையக் குறைய, சீர் செய்யும் மாமனின் கடமை தேயத் தேய, அந்தக் கோட்டுக்கு வேலை குறையும். மொழிப்பற்றை ஊட்டி அதை நிறுத்திவிட முடியாது. மறுபுறம், பெரியம்மா மகனையும் அண்ணன் என்றே அழைக்கும் முறை, உடன்பிறப்பு இல்லாத குழந்தைக்கும் அண்ணனைத் தந்துவிடுகிறது. ஆங்கில அச்சால் அது முடியாது. சிறுத்துவரும் குடும்பங்களின் காலத்தில் திராவிட முறையின் ஒரு பாதி பயன் இழக்க, மறு பாதிக்கு முன்னெப்போதையும்விடத் தேவை கூடலாம்.